கேம்பரின் பின்னால் ஜெனரேட்டரை ஏற்றியபோது

எங்கள் கேம்பரின், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் இழுவை வண்டியின், பின்பக்கத்தில் ஜெனரேட்டர் வைப்பதற்காக ஓர் இரும்புத் தட்டைச் செய்து பொருத்தும் வேலை, இரண்டு மூன்று வார இறுதிகளில் முடிந்துவிடும் என்ற எண்ணத்தில் தொடங்கி, பத்து வாரங்கள் நீண்டுவிட்டது. தட்டைச் செய்வது கடினமாக இருக்கவில்லை. ஒரு முறை செய்ததை அறுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் செய்ய வேண்டியிருந்ததும், அப்படி அறுக்க வேண்டியிருந்த காரணத்தைப் புரிந்துகொள்ளவும்தான் அத்தனை நாள் ஆயிற்று. இதே வேலையில் இறங்க நினைக்கும் நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால், அளவுகளையும் எடைகளையும் மறப்பதற்கு முன் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் வசிக்கிறோம். எங்களுடையது காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்லும் ஒற்றை அச்சுக் கேம்பர். முன்னால் உள்ள கொக்கியிலிருந்து பின் பம்பர் வரை 20 அடி நீளம். பாத்திரம் பண்டம், துணிமணி, சமையல் எரிவாயு எல்லாம் ஏற்றிய நிலையில் 3,600 பவுண்டு. இழுப்பது 5,000 பவுண்டு வரை இழுக்கக்கூடிய எஸ்யூவி வகைக் கார். கூரையில் சூரியத்தகடு உண்டு. விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு அது போதும். குளிர்சாதனத்தை அதைக் கொண்டு ஓட்ட முடியாது. கோவையிலிருந்து வந்திருந்த என் பெற்றோரை ஏப்ரலில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல விரும்பினோம். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அந்த மாதத்திலேயே பகல் வெயில் கடுமையாக இருக்கும். எழுபதைத் தாண்டிய அம்மாவைத் தகரக் கூரையின் கீழ் மதியம் முழுவதும் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஹோண்டாவின் இயூ 2200 ஐ என்ற சிறு ஜெனரேட்டரை வாங்கினேன். அதிகபட்சம் 2,200 வாட், தொடர்ந்து ஓட்டினால் 1,800 வாட் தரும் இயந்திரம் அது. பெட்ரோல் இல்லாமல் 47 பவுண்டு எடை, தொட்டியில் ஒரு கேலனுக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் பிடிக்கும். எங்கள் குளிர்சாதனம் 13,500 பிடியு திறன் கொண்டது. அது கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சிறு இயந்திரம் தனியாகத் தாங்காது என்பதால், கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் ஒரு சிறு கருவியையும் கூரையில் இணைத்தேன். மின்சார வேலை அவ்வளவோடு முடிந்தது. அடுத்த கேள்வி, இந்த இயந்திரத்தை எங்கே வைத்துக் கொண்டுபோவது என்பதுதான்.

பிக்கப் லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது; பின்தொட்டியில் வைத்துக் கட்டிவிடுவார்கள். காருக்குள்ளோ கேம்பருக்குள்ளோ வைத்தால், மூடியை எவ்வளவு இறுக்கினாலும் பெட்ரோல் வாடை வந்துகொண்டே இருக்கும். மூடிய அறைக்குள் பெட்ரோல் ஆவி சேர்வது எங்கள் எல்லோருக்கும் ஆபத்து. கேம்பரின் முன்பக்கத்தில், கொக்கிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள முக்கோணச் சட்டத்தில் ஏற்கெனவே இரண்டு புரொப்பேன் உருளைகளும் பேட்டரியும் இருந்தன. எரிவாயு உருளைக்குப் பக்கத்தில் பெட்ரோல் இயந்திரத்தை வைப்பதற்கு என் மனைவி ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மீதமிருந்தது பின்பக்கம் மட்டுமே.

பின்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பம்பர் இருக்கிறதே, அதிலேயே மாட்டிவிடலாமே என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேம்பர் பம்பர் என்பது பெரும்பாலும் நான்கு அங்குலச் சதுரத்தில் மெல்லிய தகட்டால் ஆன ஒரு பெட்டிக் குழாய். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வதற்கு வசதியாக வெற்றாக விட்டிருப்பார்கள். இரு முனைகளிலும் சேசிஸ் எனும் அடிச்சட்டத்தோடு சில அங்குல நீள வெல்டிங் மட்டும் அதைப் பிடித்திருக்கும். அதன் நடுவில் எடையைத் தொங்கவிட்டால், கீழ்நோக்கி வளைவதைவிட அது முறுக்கிக்கொள்வதுதான் அதிகம். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அந்த முறுக்கம் முனையிலுள்ள வெல்டிங்கில் போய்ச் சேரும். அது விரிசல் விட்டால், பின்னால் வரும் வண்டியின் முகப்புக் கண்ணாடிக்கு முன் ஜெனரேட்டர் விழும். ஆகவே பம்பரைத் தொடுவதில்லை, எடை முழுவதும் சேசிஸுக்கே போக வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன்.

கேம்பருக்கு அடியில் படுத்து அளந்து பார்த்தேன். இரு பக்கமும் நீளவாட்டில் ஓடும் சேசிஸ் இரும்புகள் ஆறு அங்குல உயரம் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஐந்தடி. இந்த இரண்டையும் இணைக்கும் வகையில் 24 அங்குல இடைவெளியில் இரண்டு குறுக்குக் குழாய்களைப் பொருத்துவது, அவற்றின் அடியில் இரண்டு ரிசீவர் குழாய்களைப் பதிப்பது, உறை போன்ற அந்த ரிசீவர்களுக்குள், தட்டிலிருந்து நீளும் இரண்டு குழாய்க் கைகளும் நுழைந்து நிற்பது என்பது திட்டம். ஒற்றைக் கை போதாதா என்று கேட்கலாம். ஒற்றைக் கையில் நிற்கும் தட்டு இடமும் வலமும் உலுக்கிக்கொண்டே வரும். இரண்டு கைகள் இருந்தால் அந்த அசைவு நின்றுவிடும்.

இரண்டு குறுக்குக் குழாய்கள் எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த அமைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் எடை ஏறும்போது, பின் குறுக்குக் குழாய் கீழ்நோக்கி அழுத்தப்படும், முன் குறுக்குக் குழாய் மேல்நோக்கித் தள்ளப்படும். தோளில் நீண்ட கழியை வைத்து அதன் பின்முனையில் மூட்டையை மாட்டிக்கொண்டு நடப்பவர், முன்முனையைக் கையால் கீழே அழுத்திப் பிடிப்பதைப் போன்றது இது. இரு குழாய்களுக்கும் இடைவெளி கூடக்கூட ஒவ்வொன்றிலும் ஏறும் விசை குறையும். 120 பவுண்டு எடை பின் குழாயிலிருந்து 20 அங்குலம் தள்ளி நின்றால், 24 அங்குல இடைவெளியில் முன் குழாயை 100 பவுண்டும் பின் குழாயை 220 பவுண்டும் தாக்கும். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது இதைப்போல நான்கு மடங்கு வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்.

வெல்டிங் எனக்குச் சுமாராக வரும். அப்பா கோவையில் லேத் பட்டறை நடத்தியவர் என்பதால் பள்ளி விடுமுறைகளில் கிரைண்டரும் டிரில்லும் கையில் பழகியிருந்தன. ஆனாலும் சாலையில் பிறர் உயிரோடு தொடர்புள்ள இணைப்புகளை நானே பற்றவைக்கத் துணியவில்லை. எண்ணெய் வயல்களில் முப்பது ஆண்டுகள் குழாய் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவர் எங்கள் தெருவில் இருக்கிறார். நான் அளந்து, அறுத்து, முனைகளைத் தேய்த்து, துண்டுகள் நகராதபடி புள்ளிப் பற்று மட்டும் வைத்துக் கொடுப்பது, முழு வெல்டிங்கை அவர் செய்வது என்று பேசிக்கொண்டோம். முதல் நாளே நான் வாங்கி வைத்திருந்த கால்வனைஸ் குழாயைப் பார்த்துவிட்டு அதைத் தொடவே மாட்டேன் என்றார். அந்த வெள்ளைப் பூச்சு துத்தநாகம். அதன் மேல் வெல்டிங் நெருப்புப் பட்டால் எழும் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் வரும். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூச்சில்லாத கருங்குழாய் வாங்கி வந்தேன்.

இன்னொன்றும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேம்பரின் சேசிஸில் நேரடியாக வெல்டிங் செய்யக் கூடாது என்றார். தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு, வெப்பத்தடுப்புப் பஞ்சு, மின்கம்பி, எரிவாயுக் குழாய் எல்லாம் ஓடுகின்றன. ஒரு பொறி போதும். அதனால் குறுக்குக் குழாய்களைத் தரையில் வைத்து வெல்டிங் செய்து முடித்துவிட்டு, முனைகளில் கால் அங்குலத் தகடுகளைப் பற்றவைத்து, அந்தத் தகடுகளை சேசிஸ் இரும்பின் நடு உயரத்தில் துளையிட்டு போல்ட் போட்டோம். சேசிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது. வளைவின் இழுப்பும் அழுத்தமும் விளிம்புகளில்தான் மிகுதி, நடுவில் அவை மிகக் குறைவு. அரை அங்குல போல்ட், தலையில் மூன்று கோடு உள்ள ஐந்தாம் தரம், உட்புறம் நைலான் வளையம் வைத்த நட். உள்பக்கமும் ஒரு தாங்குத் தகடு.

முதல் தட்டு முடிந்தபோது அதைப் பார்த்து நான் மிகவும் மகிழ்ந்தேன். குறுக்குக் குழாய்கள், கைகள் எல்லாம் இரண்டு அங்குலச் சதுரம், 3/16 அங்குலக் கனம். ரிசீவர்கள் கால் அங்குலக் கனத்தில் முழு நீளக் குழாய்கள். தட்டில் நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழையும் அசையவில்லை. ஜெனரேட்டர், சங்கிலி, பூட்டு, உறை எல்லாம் சேர்த்து மாட்டியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன்.

ஊருக்குள் எதுவும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி மணிக்கு 58 மைல் வேகத்தில் ஓர் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய சரக்கு லாரி எங்களைக் கடந்தது. லாரியின் முகப்பு தள்ளிய காற்று கேம்பரை ஒரு பக்கம் தள்ளியது, லாரி முழுவதும் கடந்தபின் அது திரும்பி வந்தது. வழக்கமாக அத்தோடு அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. வலப்பக்கம் போய்த் திரும்பிய கேம்பர் இடப்பக்கம் கூடுதலாகப் போயிற்று, அங்கிருந்து வலப்பக்கம் இன்னும் கூடுதலாகப் போயிற்று, காரின் பின்பக்கத்தை யாரோ இரு கைகளாலும் பிடித்து ஆட்டுவதைப் போல ஸ்டீயரிங் வழியாகக் கைகளுக்குத் தெரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், காரின் பிரேக்கை மிதிக்கவில்லை, டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள கேம்பர் பிரேக்கின் நெம்புகோலை மட்டும் கையால் அழுத்தினேன். நான்கைந்து ஆட்டத்தில் கேம்பர் நேராக நின்றது. அந்த நெம்புகோல் எதற்கு என்பதை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு படித்திருந்தேன். அன்று அதுவே எங்கள் இருவரையும் காத்தது. காரின் பிரேக்கை மிதித்திருந்தால், பின்னாலிருந்து கேம்பர் காரைத் தள்ள, ஆட்டம் மேலும் பெருகியிருக்கும்.

ஓரமாக நிறுத்தினோம். அப்பா இறங்கிப் போய்ப் பின்பக்கத் தட்டைப் பார்த்தார், முன்பக்கக் கொக்கியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஏப்பா, வண்டி பின்பாரமா இருக்குது. முன்னால எத்தனை நிக்குதுன்னு அளந்து பாத்தியா?"

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்த எவருக்கும் இந்தச் சொல் தெரியும். அச்சுக்கு முன்னால் கூடுதலாக ஏற்றினால் முன்பாரம், நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னால் கூடுதலாக ஏற்றினால் பின்பாரம், நுகத்தடி மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சற்றே முன்பாரமாக ஏற்றுவதுதான் வண்டிக்கு அழகு. எங்கள் தாத்தா ஊரில் பருத்தி மூட்டை ஏற்றும்போது நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் வண்டி பூட்டுவார்கள் என்று அப்பா சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தும், இரும்பின் வலிமையைக் கணக்கிடுவதில் மூழ்கிப்போய், இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்.

இங்கே அந்த எடையை டங் வெயிட் என்பார்கள். நான் கொக்கி எடை என்றே எழுதுகிறேன். இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் நிற்க வேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே போனால், பக்கவாட்டில் எழும் சிறு ஆட்டம் தானாக அடங்காமல் வளரத் தொடங்கும் வேகம் குறைந்துவிடும். அதாவது, முன்பு 80 மைலில் வரக்கூடிய ஆபத்து 55 மைலிலேயே வந்துவிடும். கொக்கி எடை குறைவது ஒரு காரணம். அச்சிலிருந்து வெகு தொலைவில் எடை இருப்பது இன்னொரு காரணம். தொலைவு இரண்டு மடங்கானால், ஆட்டம் தொடங்கியபின் அந்த எடையை நிறுத்துவது நான்கு மடங்கு கடினம்.

வீட்டுக்கு மெதுவாகத் திரும்பி வந்து அன்று மாலையே அளந்தோம். வீட்டிலுள்ள எடை பார்க்கும் கருவி 300 பவுண்டு வரைதான் காட்டும் என்பதால், அப்பா ஒரு வழி செய்தார். மூன்றடி நீளப் பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும் மறுமுனையை எடைக்கருவியின் மேலும் வைத்து, இரண்டு முனையிலும் சிறு இரும்புக் கம்பியை உருளையாகக் கொடுத்தார். செங்கல் முனையிலிருந்து சரியாக ஓரடி தள்ளிக் கேம்பரின் முன்முனையைத் தாங்கும் ஜாக்கியை அந்தப் பலகையின் மேல் இறக்கினோம். கேம்பர் நீளவாட்டில் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பலகையின் சொந்த எடையைக் கழித்துவிட்டு, கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கி எடை கிடைத்துவிடும்.

கருவி காட்டியது 104. கொக்கி எடை 312 பவுண்டு. தட்டு எல்லாம் சேர்ந்து கேம்பரின் மொத்த எடை இப்போது 3,785 பவுண்டு என்பதால், 8.2 சதவீதம் மட்டுமே. மறுநாள் தட்டையும் குறுக்குக் குழாய்களையும் முழுவதும் கழற்றிவிட்டு அளந்தபோது கருவி 147 காட்டியது. 441 பவுண்டு, 12 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒரு ஜெனரேட்டருக்காக நான் முன்பக்கத்திலிருந்து 129 பவுண்டை எடுத்துவிட்டிருந்தேன்.

கணக்கு எளிதானது. கொக்கியிலிருந்து அச்சு 12 அடி, அச்சிலிருந்து தட்டின் நடு ஏறத்தாழ 9 அடி. தராசின் ஒரு கையில் 9, மறு கையில் 12. ஆகவே தட்டில் ஏற்றும் ஒவ்வொரு 4 பவுண்டுக்கும் கொக்கியில் 3 பவுண்டு குறையும். நான் ஏற்றிய 185 பவுண்டில் ஜெனரேட்டரும் அதன் உடைமைகளும் 60 பவுண்டுக்குள்தான். மீதி முழுவதும் நான் ஆசையாகச் செய்த இரும்பு. அசையாமல் நிற்க வேண்டும் என்று கனத்தைக் கூட்டினேன், அந்தக் கனமே வண்டியை ஆட்டியது. இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், இதைப் பற்றி இன்னும் நூறு வரி எழுதவும் எனக்குத் தயக்கமில்லை. தட்டு உடையுமா என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். தட்டு எவ்வளவு எடை என்ற கேள்வியை அளவுநாடாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது முறை எடையிலிருந்து பின்னோக்கி வந்தோம். இரும்பு முழுவதும் 85 பவுண்டுக்குள் அடங்க வேண்டும் என்று தாளில் எழுதி, பட்டறைச் சுவரில் ஒட்டினார் அப்பா. குறுக்குக் குழாய்களையும் கைகளையும் 1/8 அங்குலக் கனத்துக்கு மாற்றினோம். அதே இரண்டு அங்குலச் சதுரக் குழாயில், 3/16 அங்குலக் கனத்தில் அடிக்கு 4.3 பவுண்டு என்றால், 1/8 அங்குலத்தில் அடிக்கு மூன்று பவுண்டுதான். வலிமை அந்த அளவுக்குக் குறைவதில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நான்கு மடங்கு அதிர்ச்சியைக் கணக்கில் கொண்ட பிறகும் தாங்கும் திறனில் பாதிக்குக் கீழேதான் நின்றது. முழு நீள ரிசீவர் குழாய்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு குறுக்குக் குழாயின் அடியிலும் நான்கு அங்குல நீளத் துண்டு உறைகளை மட்டும் வைத்தோம். விசை ஏறுவது அந்த இரண்டு இடங்களில்தான். நடுவில் இருக்கும் குழாய் வெறும் சுமை. தட்டை ஜெனரேட்டரின் அளவுக்குச் சுருக்கி, ஒன்றரை அங்குல ஆங்கிள் சட்டத்தில் வலைத்தகடு பதித்தோம். வலைத்தகட்டில் தண்ணீர் தேங்காது, சேறு தங்காது. முடித்து நிறுத்துப் பார்த்தபோது 84 பவுண்டு வந்தது. வெல்டிங் செய்தவர், தான் பார்த்த எண்ணெய் வயல் வேலையில் யாரும் எடை குறைந்ததற்காக மகிழ்ந்ததில்லை என்று சொல்லி என் தோளைத் தட்டினார்.

மாட்டி அளந்தால் 345 பவுண்டு. 9.2 சதவீதம். இன்னும் போதாது.

அப்போதுதான் ஸ்டெப்னி கண்ணில் பட்டது. பெரும்பாலான கேம்பர்களைப் போலவே எங்களுடையதிலும் அது பின் பம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரமும் தாங்கியும் சேர்ந்து 45 பவுண்டு. அதை அங்கிருந்து எடுத்தாலே கொக்கிக்கு 31 பவுண்டு திரும்பி வரும். அதையே முன்பக்கச் சட்டத்தில், அச்சுக்கு முன்னால் பத்தடியில் வைத்தால் இன்னொரு 37 பவுண்டு கூடும். கேம்பரின் மொத்த எடை ஒரு பவுண்டுகூட மாறாது. புரொப்பேன் உருளைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி அதற்கு நிற்கும் இடம் கிடைத்தது. மாற்றிவிட்டு அளந்தபோது கருவி 138 காட்டியது. 414 பவுண்டு, 11 சதவீதம். காரின் கொக்கி தாங்கும் எல்லையான 500 பவுண்டுக்கும் கீழே.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். எங்கள் குடிநீர்த் தொட்டி 30 கேலன், அச்சுக்குப் பின்னால் மூன்றடியில் இருக்கிறது. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்குச் சற்று மேல். தொட்டி நிறைந்தால் 250 பவுண்டு. அது கொக்கியிலிருந்து 62 பவுண்டை எடுத்துவிடும், அச்சின் எல்லையான 3,500 பவுண்டையும் தாண்டவைக்கும். ஆகவே இனி வெற்றுத் தொட்டியோடுதான் பயணம். போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்வோம். உங்கள் கேம்பரில் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் கணக்கு தலைகீழாகும், அதனால் உங்கள் வண்டியை நீங்களே அளந்துவிடுங்கள்.

மற்றவை சிறு வேலைகள். நம்பர் பலகையை ஜெனரேட்டர் மறைத்ததால், அதையும் அதன் விளக்கையும் தட்டின் பின் விளிம்புக்கு மாற்றினேன். தட்டின் நான்கு மூலைகளிலும் ஓரங்குல ஆங்கிள் துண்டுகளை நிறுத்தி, அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, மேலே கைப்பிடியின் குறுக்காக ஓர் இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கினேன். வெறும் ராட்செட் பட்டையை நம்பவில்லை. அதிர்வில் பட்டை தளரும். கிளம்புவதற்கு முன் எரிபொருள் அடைப்பானையும் தொட்டி மூடியின் மேலுள்ள காற்றுத் திருகையும் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் குலுக்கலில் பெட்ரோல் கசியும். துரு வராமல் பிரைமர் இரண்டு கை, கறுப்பு வண்ணம் இரண்டு கை.

ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பிறகு, நட்டின் மேலிருந்து தகடு வரை மஞ்சள் வண்ணத்தில் ஒரே நேர்கோடாக ஒரு கோடு இழுத்தேன். நட் தளர்ந்தால் அந்தக் கோடு முறியும். கையில் ஸ்பேனர் இல்லாமல், குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். இது அப்பாவின் பட்டறைப் பழக்கம்.

தட்டில் வைத்தபடியே ஜெனரேட்டரை ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். நான் ஓட்டுவதில்லை, ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கேம்பரின் பின்சுவரில்தான் படுக்கையும் அதன் ஜன்னலும் இருக்கின்றன. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குகிறவர் அப்படியே எழாமல் போய்விடுவார். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைத்து ஓட்ட வேண்டும் என்று இங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்கிறது. தட்டு ஏற்றிச் செல்வதற்கு மட்டுமே. போய்ச் சேர்ந்ததும் இறக்கி, 25 அடி நீளமுள்ள பருமனான கம்பியின் மறுமுனையில், புகைவாய் எங்களுக்கும் பக்கத்து முகாமுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வைக்கிறேன். உள்ளே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி சரியாக ஒலிக்கிறதா என்றும் ஒவ்வொரு பயணத்திலும் அழுத்திப் பார்த்துவிடுகிறேன்.

ஏப்ரல் மாதம் போய் வந்தோம். ஆஸ்டினிலிருந்து மேற்கே, ஐ-10 நெடுஞ்சாலை வழியாக ஃபோர்ட் ஸ்டாக்டன், அங்கிருந்து தெற்கே மாரத்தான், பிறகு பூங்கா; நானூறு மைலுக்கு மேல். அந்த நெடுஞ்சாலையின் மேற்குப் பகுதியில் வேக எல்லை மணிக்கு 80 மைல். நான் 62 மைலைத் தாண்டவில்லை, ஏனென்றால் கேம்பர் டயர்கள் பலவும் 65 மைலுக்காகவே செய்யப்பட்டவை. லாரிகள் எங்களைக் கடந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு முறையும் கேம்பர் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, அடங்கியது. முதல் பத்து லாரிகள் வரை அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு தூங்கிவிட்டார்.

ரியோ கிராண்டே வில்லேஜ் முகாமில் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரைதான் ஜெனரேட்டர் ஓட்டலாம், அதுவும் அதற்கென ஒதுக்கிய பகுதியில். அதே பூங்காவின் காட்டன்வுட் முகாமில் ஓட்டவே கூடாது. தேசியப் பூங்காக்களின் பொது விதிப்படி 50 அடி தொலைவில் ஓசை 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. இந்த இயந்திரம் அதற்குள் அடங்கிவிடும். உயரம் கூடினால் எஞ்சினின் திறன் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். அந்த முகாம் கடல்மட்டத்திலிருந்து 1,850 அடி உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் குளிர்சாதனம் தடங்கலின்றி ஓடியது. அம்மா மதியம் ஒன்றரை மணிக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுந்து, காப்பி போட்டுத் தரவா என்று கேட்டார்.

திரும்பும் வழியில் மாரத்தானில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன். பன்னிரண்டில் பதினொன்று நேராக இருந்தன. இடப்பக்க முன் தகட்டில் ஒன்று மட்டும் நெல்மணி அகலத்துக்கு விலகியிருந்தது. இறுக்கிவிட்டு, பழைய கோட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். ஜெனரேட்டரின் உறைக்குள் வெள்ளைப் புழுதி அரை அங்குலத்துக்குப் படிந்திருந்தது. ஓடும் வண்டியின் பின்னால் காற்று சுழன்று புழுதியை உள்ளே இழுக்கும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்தி மாட்டியிருக்கிறேன். அடிப்பக்கமும் மூடும்படியான ஒரு தகட்டை இந்த வாரம் வெட்ட வேண்டும். மூன்று பவுண்டுக்குள் வர வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.